மதில் உயர்ந்தது, வயல் ஈடு போனது



சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, படுவான்கரைக் கிராமமொன்றில் நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பல வாரங்களாகப் பூசைக்கு வராத ஒரு தாயின் வீடு வழியில் இருந்தது. மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் திண்ணைக்கு வந்து, என் முகத்தைப் பாராமலே, "அம்மா இல்ல, மாமி வீட்ட போயிற்றா" என்றான். மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்புவிப்பது போல அது வந்தது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். என் அங்கியைக் கண்டதும் உள்ளே ஓடினான். சற்று நேரத்தில் வளவின் பின்புறத்து வாழைகளுக்குள்ளிருந்து தாய் வெளியே வந்தாள்.

"குறை நினைக்காதீங்க சுவாமி. சத்தத்தைக் கேட்டதும் லோன்காரர் எண்டு நினைச்சிட்டன். செவ்வாய்க்கிழமைதானே அவங்கட நாள்."

பூசைக்கு வராததன் காரணத்தையும் அவளே சொன்னாள். "எங்கட குழுவில இருக்கிற மற்றப் பெண்டுகளும் கோயிலுக்கு வருவாங்க சுவாமி. ரெண்டு தவணை நான் கட்டல்ல. அவங்கதான் சேர்ந்து கட்டினவங்க. அவங்கட முகத்தில முழிக்க ஏலாது."

வீடு திரும்பியபின் பழைய ஏற்பாட்டில் நெகேமியா ஆகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். குருமடத்தில் இந்த ஆகமத்தைப் படித்தபோது மதில் கட்டிய வரலாறுதான் எங்கள் மனதில் நின்றது. கையில் ஆயுதமும் கையில் வேலையுமாக மக்கள் நின்று, இடிந்து கிடந்த எருசலேம் மதிலை ஐம்பத்திரண்டு நாட்களில் எழுப்பிய கதை அது. ஆனால் அந்தக் கட்டுமானத்தின் நடுவில் இந்த ஐந்தாம் அதிகாரம் நிற்கிறது. மக்கள் கூக்குரலிடுகிறார்கள். அவர்களோடு அவர்களுடைய மனைவிமாரும் கூக்குரலிட்டதாகத் திருநூல் தனியாக எடுத்துச் சொல்கிறது. பிள்ளைகளுக்குத் தானியம் இல்லை என்கிறார்கள் சிலர். பஞ்சத்தில் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்தோம் என்கிறார்கள் வேறு சிலர். அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தோம், எங்கள் புதல்வியரை மீட்க எங்களுக்கு வழியில்லை என்கிறார்கள் மற்றவர்கள். இந்தக் கூக்குரல் பாபிலோனியனுக்கு எதிராகவோ பாரசீகனுக்கு எதிராகவோ எழுந்ததல்ல. சொந்தச் சகோதரருக்கு எதிராக எழுந்தது.

சிறையிருப்பு முடிந்து, ஊர் திரும்பி, புதிய ஆட்சியின் கீழ் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி எழுப்பும் காலம். வெளியிலே மதில் உயர்கிறது. வீட்டுக்குள்ளே ஈடு ஏறுகிறது. வாவியின் இரு கரைகளிலும் வாழும் நமக்கு இந்த வரலாறு அந்நியமானதா?

நமது நாட்டில் ஆட்சியும் பொருளாதாரமும் திசை மாறிய ஒவ்வொரு காலத்திலும் மக்கள் ஒருவரோடொருவர் கொண்டிருந்த உறவும் மாறியிருக்கிறது. விலைவாசியைப் பற்றி எல்லாரும் பேசினோம். இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த கூப்பன் அரிசி ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே சங்கக்கடை வாசலிலே கிடைத்தது. 1970களின் பஞ்ச காலத்தில் விடியுமுன் பாண் வரிசையில் நின்றதைப் பற்றி என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். போடியாரின் மகனும் கூலிக்காரனின் மகனும் அதே வரிசையில் நின்றார்களாம். 1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. கடைகளில் சாமான் நிறைந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் கூரைகளையும் வாரிக்கொண்டு போனது. மக்கள் இன்னும் கூரை வேய்ந்து முடிக்காத 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. அது எல்லாருக்கும் உரியதல்ல, ஏறக்குறைய பாதி மக்களுக்கே உரியது. பிறகு விலைகள் ஏறின. முத்திரையில் அச்சடித்திருந்த தொகை ஏறவில்லை. அதன்பின் ஜனசவிய வந்தது, சமுர்த்தி வந்தது, 2023இல் அஸ்வெசும வந்தது. கடைசியாக வந்த இந்தத் திட்டத்தில், தன் பெயர் விடுபட்டால் முறையீடு செய்யலாம். அயலவன் பெயர் தகுதியின்றிச் சேர்ந்திருந்தால் ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். நியாயமான ஒழுங்குதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளும் இரண்டு வீடுகளுக்கு இடையில் அந்த ஆட்சேபனைப் படிவம் என்ன செய்தது என்பதைப் பங்குகளில் இருக்கும் குருக்கள் அறிவார்கள்.

பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எகிப்தை விட்டு வந்த மக்கள் பாலைவனத்தில் களைத்தபோது, அங்கே சும்மா கிடைத்த மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து அழுதார்கள் என்று எண்ணாகமம் சொல்கிறது. முதுகில் விழுந்த சவுக்கடி அவர்களுக்கு நினைவில்லை! நமக்கும் அந்தப் பலவீனம் உண்டு. போடியார் காலத்தில் விதைநெல்லைக் கடனாக வாங்கிய முல்லைக்காரன், களவெட்டியில் பொலி அளக்கும்போது வட்டியும் முதலுமாக நெல்லாகவே அளந்து கொடுத்துவிட்டு, வெறும் சாக்கோடு வீட்டுக்குப் போன நாட்களும் உண்டு. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டமும், ஒருவருக்கு 25 ஏக்கர் வயலே உச்சம் என்று வரையறுத்த 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் காரணமின்றி வந்தவையல்ல. ஆயினும் அன்று கடன் கொடுத்தவனுக்கு ஒரு முகம் இருந்தது. அவன் நம் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வந்தாகவேண்டியவன். ஆகையால் அவனுக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அந்த வெட்கம் ஏழைக்கு ஓரளவு காவலாக இருந்தது.

போர் கிழக்கில் 2007இலும் நாடு முழுவதிலும் 2009இலும் ஓய்ந்தது. பிறகு நமது மதில்கள் எழுந்தன. 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014இல் மண்முனைப் பாலம் வந்தது. பாதைப்படகுக்காக வெயிலில் காத்துக்கிடந்த மக்கள் சில நிமிடங்களில் வாவியைக் கடந்தார்கள். அதற்காக இறைவனுக்கு நன்றி சொன்னோம், இன்றும் சொல்கிறோம். எழுவான்கரை ஆசுபத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோக அந்தப் பாலம் எவ்வளவு உதவி என்பது படுவான்கரையாருக்குத் தெரியும். ஆனால் அதே பாலத்தால் மோட்டார் சைக்கிளில் கடன் நிறுவனங்களும் வந்தன. கணவனை இழந்தவள், காணாமற்போனவனுக்காகக் காத்திருப்பவள், ஈடு வைக்க ஒன்றுமில்லாதவள் ஆகியோருக்குக் குழுக்கடன் கொடுத்தார்கள். சில பெண்கள் சேர்ந்து ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும்.

இதைச் சற்று நின்று யோசியுங்கள். அந்தப் பெண்களிடம் காணி உறுதி இல்லை, நகை இல்லை. அவர்களிடம் எஞ்சியிருந்தது அயல் உறவு ஒன்றுதான். சூறாவளியிலும் போரிலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் அவர்களைக் காத்தது அந்த உறவு. அதுவே ஈடாக வாங்கப்பட்டது. கடன்காரனுக்கு இருந்த வெட்கத்தைக் கடன் வாங்கியவளின் தோழிகள் சுமக்கும்படி ஆயிற்று. வாழைகளுக்குள் ஒளித்த அந்தத் தாய் லோன்காரருக்கு மட்டும் பயந்தவள் அல்ல.

ஈடு வாங்கப் போகிறவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையலாகாது, வெளியே நிற்கவேண்டும், கடனாளியே ஈட்டை வெளியே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. ஏழையின் வாசற்படிக்கு இறைவன் கொடுத்த மரியாதை அது. நம் பகுதியிலோ வீடு என்பது பெண்ணுக்கு உரியது. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போவது. அந்த வீட்டின் சொந்தக்காரி தன் வளவுக்குள்ளேயே ஒளிக்கிறாள். கடனை அடைக்க வேறு வழியின்றி மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போன தாய்மாரும் குமர்ப்பிள்ளைகளும் எத்தனை பேர்! புதல்வியரை மீட்க வழியில்லை என்று நெகேமியாவின் முன் அழுதவர்களுக்கு நமது விமான நிலையத்தின் வரிசை புரிந்திருக்கும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நீதியாகாது. 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் தவணை தவறியவற்றைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் தவணை தவறாதிருக்கத் தாலிக்கொடியை அடகு வைத்தவளுக்கும் மீற்றர் வட்டிக்கு வாங்கிக் கட்டியவளுக்கும் அதில் இடமிருக்கவில்லை. 2021இல் இரசாயன உரம் தடுக்கப்பட்டபோது விளைச்சல் விழுந்தது. 2022 ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. கடலுக்குப் போகும் இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன. அப்போதும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகவே வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி நமது நாடே, வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட முடியாது என்று உலகத்துக்கு அறிவித்தது. அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். யாரும் நாட்டை வாழைக்குள் ஒளிக்க வைக்கவில்லை. கடன் கொடுத்தோர் மேசைக்கு வந்தார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் உதவிக்கு இணங்கியது. 2024இல் கடன் கொடுத்த நாடுகளோடும் பிணைமுறி வைத்திருந்தோரோடும் உடன்பாடு ஏற்பட்டது. தவணை நீண்டது, வட்டி குறைந்தது, பிணைமுறிகளில் ஒரு பகுதி விட்டுக்கொடுக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு யூபிலியை அறிவித்தபோது பாப்பரசர் பிரான்சிஸ் ஏழை நாடுகளின் கடனை மன்னிக்கும்படி செல்வந்த நாடுகளைக் கேட்டார். நாமும் கோயிலில் அதற்காக மன்றாடினோம். நாட்டுக்காக நாம் கேட்ட இரக்கத்தை நம் வாசலுக்கு வரும் கடனாளிக்குக் கொடுத்தோமா?

நாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நெகேமியா அந்தக் கூட்டத்தில் பிரபுக்களைக் கண்டித்தபோது, தானும் தன் சகோதரரும் தன் வேலைக்காரரும்கூடப் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்திருப்பதை மறைக்கவில்லை. இந்த வட்டியை நாம் எல்லாரும் விட்டுவிடுவோம் என்றுதான் பேசினார். வாங்கிய வயலையும் வீட்டையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அங்கே குறிக்கப்படும் வட்டி நூற்றுக்கு ஒன்று. மாதம் ஒன்றுக்கு என்று அறிஞர் பலர் விளக்குவர். மாதம் நூற்றுக்கு ஒன்று! இன்று நம் ஊரில் அந்த வட்டிக்கு ஒருவர் கொடுத்தால் அவரைப் புண்ணியவான் என்று சொல்வோம். நூற்றுக்குப் பத்துக்கும் அதற்கு மேலும் மீற்றர் வட்டிக்குக் கொடுப்பவர்கள் எல்லாரும் வெளியூரார் அல்லர். திருவிழாவில் சொரூபக்கூட்டுக்குத் தோள் கொடுப்போரிலும் சிலர் உண்டு. இது எழுதக் கூசுகிறது. எழுதாமலிருந்தால் இந்தப் பக்கத்தில் வேறு எதை எழுதினாலும் அது பொய்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நான் இருந்த ஒரு பங்கில், திருவிழா வரி கட்டாதவர்களின் பெயர்களைப் பூசை முடிவில் பீடத்தடியில் நின்று வாசித்தேன். மக்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வரி முழுவதும் ஒரு கிழமைக்குள் சேர்ந்துவிட்டது, நல்ல நிர்வாகி என்று பெயரும் கிடைத்தது. அந்தப் பணத்தை யார் யாரிடம் என்ன வட்டிக்கு வாங்கிக் கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு குடும்பங்கள் அந்த ஆண்டுச் சுற்றுப்பிரகாரத்துக்கு வரவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். அகங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊர்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத இடம் அரிது. செத்தவனுக்குப் பெட்டியும் பந்தலும் தட்டுப்படாது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இந்நாட்டில் 1911இலேயே சட்டம் செய்யப்பட்டது. அறிந்தவர்கள் சேர்ந்து சேமித்து, அறிந்தவர்களுக்குக் குறைந்த வட்டிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒரு பங்கில், ஒரு தாயின் இரண்டு தவணையைத் தாங்கும் பலம் இல்லையா? திருவிழாவுக்கு வாணமும் மேளமும் ஒரு ஆண்டு குறைந்தால் அந்தோனியார் கோபித்துக்கொள்வாரா?

நெகேமியா அன்று குருக்களை அழைத்து, அவர்கள் முன்னிலையில் சத்தியம் வாங்கினார். குருக்கள் அங்கே என்ன பேசினார்கள் என்று எழுதப்படவில்லை. ஒருவேளை அவர்களிடமும் ஈடு இருந்திருக்கலாம்.

எங்கள் பங்கில் இவ்வாண்டுத் திருவிழாக் கூட்டம் அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் நடைபெறும். வரிப் பட்டியல் வாசிக்கப்படமாட்டாது. படுவான்கரையிலுள்ள அந்தத் தாயையும் அவளுடைய குழுப் பெண்கள் எல்லாரையும் கூட்டத்துக்கு வரும்படி நானே போய்ச் சொல்லியிருக்கிறேன். இம்முறை மோட்டார் சைக்கிளைச் சந்தியிலேயே விட்டுவிட்டு நடந்து போனேன்.