பலனைப் பார்க்காதே என்றால், அளவையும் பார்க்கக் கூடாதா?

"கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே." நம்மில் இதைக் கேட்காதவர்கள் யார்? சமய வகுப்பில் கேட்டிருப்போம், பரீட்சைக்கு முதல் நாள் பாட்டி சொல்லியும் கேட்டிருப்போம். ஆனால் பொறியியல் படிக்க வந்த பிறகு இந்த வார்த்தை எனக்கு இடிக்க ஆரம்பித்தது. பாலம் கட்டுகிற ஒருவர் "பலன் என்னவோ ஆகட்டும்" என்று இருந்தால் அந்தப் பாலத்தில் நீங்கள் கார் ஓட்டுவீர்களா? நான் ஓட்ட மாட்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அசைன்மெண்டைக் கடைசி ராத்திரி அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, "விடுடா, பலன் நம்ம கையிலயா இருக்கு?" என்று சொல்கிற நண்பர்கள் நம் எல்லாரிடமும் உண்டு. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு பெரிய தத்துவம் துணைக்கு வருவது சரியா?

இந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு பதில் கிடைத்தது புத்தகத்தில் இல்லை, மாமாவின் தச்சுப் பட்டறையில். போன நீண்ட விடுமுறையில் அங்கே உட்கார்ந்து ஒரு மர வில் செய்தேன். 'டேக்டவுன்' வில் என்பார்கள். அதாவது மூன்று துண்டாகக் கழற்றக்கூடியது. நடுவில் கனமான பிடி, மேலும் கீழும் வளையும் இரண்டு கைகள். கைகள் பிடியோடு போல்ட்டில் இணைகின்றன. கழற்றினால் சாதாரணப் பையில் அடங்கிவிடும். நடுப்பிடிக்கு மாமா வைத்திருந்த மெர்பாவ் மரத்துண்டு. கைகளுக்கு உள்பக்கம் மேப்பிள், வெளிப்பக்கம் மூங்கில் பட்டை, நடுவே எபோக்சி பசை.

ஏன் அப்படி? வில்லை இழுக்கும்போது வெளிப்பக்கம் நீளப் பார்க்கும், உள்பக்கம் நசுங்கப் பார்க்கும். மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய நார்கள் இழுவிசையைத் தாங்குவதில் கெட்டிக்காரர்கள். டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த எல்ம் மர வில்லுக்குச் சுமார் 9,000 வயது. அதைச் செய்தவருக்கு நம் பாடப்புத்தகம் இல்லை. ஆனாலும் மரத்தின் எந்தப் பக்கம் எதைத் தாங்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

பசை காய்ந்த பிறகுதான் உண்மையான வேலை. 'டில்லரிங்' என்று பெயர். வில்லைச் சுவரில் ஒரு தாங்கியில் மாட்டி, கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்து, இரண்டு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும். வளையாமல் விறைப்பாக நிற்கிற இடத்தில் மட்டும் உள்பக்கம் சுரண்ட வேண்டும். மறுபடி இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அவசரப்படவே முடியாது. விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்று நாம் படித்திருக்கிறோம். ஓரிடத்தில் தடிமனை 10 விழுக்காடு குறைத்தால் விறைப்பு ஏறக்குறைய 27 விழுக்காடு போய்விடும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

இதில் கவனியுங்கள். அந்த வேலை முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது எதை? பலனைத்தான். ஒவ்வொரு சுரண்டலுக்கும் பிறகு, என்ன ஆச்சு, எங்கே வளைந்தது, எத்தனை பவுண்டு காட்டுகிறது? பலனைப் பார்க்காமல் சுரண்டினால் அது கடமை இல்லை, விறகு வெட்டுவது. ஆகவே 'பலனை எதிர்பார்க்காதே' என்பதற்கு 'பலனைக் கவனிக்காதே' என்று அர்த்தம் இருக்கவே முடியாது.

அப்படின்னா வேறென்ன அர்த்தம்? அது எனக்குப் புரிந்தது கீழ்க்கை முறிந்தபோது.

28 அங்குலத்தில் 40 பவுண்டு என்பது என் இலக்கு. 24 அங்குலம் வரை அழகாக வந்தது. இரண்டு கைகளும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்று போல வளைந்தன. அடுத்த இழுப்பில் 'டப்'. முறிந்த இடத்தைப் பிளந்து பார்த்தோம். மூங்கிலுக்குள் புழு துளைத்த மெல்லிய குழாய். வெளித்தோலிலும் தெரியவில்லை, பசை தடவிய பக்கத்திலும் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒளிந்திருந்தது.

"எல்லாம் சரியாத்தானே செஞ்சேன் மாமா?" என்றேன்.

மாமா சிரித்தார். "சரியாத்தான் செஞ்ச. அதுக்காக மூங்கில் உனக்குக் கடன் பட்டிருக்கா?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. நான் உழைத்ததால் உலகம் எனக்கு ஒன்று தர வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறோமே, அதைத்தான் மூடச் சொல்கிறார்கள். பலனைக் கவனிப்பது வேலையின் ஒரு பகுதி. பலனை வசூலிக்கப் போவது வேறு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் கவனிக்கிறவன் முறிந்த துண்டை எடுத்து ஏன் என்று பார்ப்பான். வசூலிக்கிறவன் அதைத் தூக்கி எறிவான்.

"இதெல்லாம் பேச நல்லா இருக்கும். எங்க அப்பா லோரி ஓட்டுறாரு, பிடிபிடிஎன் கடன் வேற இருக்கு. எனக்கு சிஜிபிஏ வந்தாகணும்" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான பேச்சு. முறிந்தது வில்லின் கைதான், நம் குடும்பத்தின் சோறு இல்லை. பலன் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இலக்கே வேண்டாம் என்பதும் ஆபத்துதான். வில்லாளிகள் அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே மாட்டார்கள். 40 பவுண்டு வில்லில் ஏறத்தாழ 45 ஜூல் ஆற்றல் சேர்கிறது. அதில் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அம்பு இல்லையென்றால் அது வில்லுக்குள்ளேயே திரும்பும், வில்லையே உடைத்தும் விடும். இலக்கில்லாத உழைப்பும் மனுஷனை அப்படித்தான் உள்ளுக்குள் உடைக்கும்.

அர்ஜுனனை நினைத்துப் பாருங்கள். காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது என்று அவன் சொன்னது வில்வித்தை தெரியாமல் இல்லை. இன்னும் நடக்காத பலன்களின் பாரம் அவன் கையைத் தளர வைத்தது. பரீட்சை மண்டபத்தில் படித்ததெல்லாம் மறந்து உட்கார்ந்திருக்கிற நம் நண்பனுக்கும் அதே நிலைதான். அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் ஆசையா, இல்லை முன்னால் இருக்கிற ஒரு கேள்வியின் மேல் முழுக் கவனமா?

டேக்டவுன் வில்லில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று உண்டு. ஒரு கை முறிந்தால் முழு வில்லும் போகாது. போல்ட்டைக் கழற்றி, வேறு கை செய்து மாட்டலாம். பிடி அப்படியே இருக்கும். நமக்கும் அப்படி ஒரு நடுப்பிடி வேண்டும். ஒரு செமஸ்டர் முறியலாம், ஒரு வேலை கிடைக்காமல் போகலாம், ஒரு உறவு விட்டுப் போகலாம். அவை எல்லாம் கைகள். முறிந்தால் வலிக்கும், வலிக்கட்டும். ஆனால் 'நான் யார்' என்பதையே அந்தக் கைகளில் ஒன்றாகச் செய்து வைத்தவனுக்கு, அது முறிகிற நாளில் மாட்டுவதற்கு இடமே இருக்காது.

இரண்டாவது கைக்கு மூங்கில் பட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றுக்கு மூன்று முறை பார்த்துத்தான் எடுத்தேன். அதுவும் முறியாது என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.