பிறர் வீட்டுத் தாய்

எஸ். என். லட்சுமி என்ற பெயரைச் சொன்னால் நம் கல்முனைக் கரையில் பலர் விழிப்பர். 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷின் தாயாக வந்தவர் என்றால், "ஓ, அந்த மனுசியா!" என்று முகம் மலர்வர். 1964இல் வெளிவந்த அப்படம் இன்றும் தொலைக்காட்சியில் வரும்போது, நடிகனாகிப் புகழில் மிதக்கும் மகன் அருகில் இல்லாமலே அத்தாய் இறக்கும் கட்டத்தில், நம் வீட்டு மூத்தம்மாமார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். நாமும் துடைத்திருக்கிறோம்.

விருதுநகர் வட்டாரத்துச் சிற்றூரொன்றில் பிறந்து, நாடக மேடையில் தேர்ந்து, திரைக்கு வந்தவர் லட்சுமி. தாயாகவும் பாட்டியாகவுமே மக்கள் அவரை அறிந்தனர். ஆனால், அத்தாயும் பாட்டியும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் அல்லர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்துப் பாட்டிக்குக் கை நீளம். கண்ணில் பட்டதைச் சுருட்டிக்கொள்ளும் அவளைக் கண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். 'மகாநதி'யில் (1994) குடும்பம் சிதைவதைப் பார்த்திருக்கும் முதியவள். 'விருமாண்டி'யில் (2004) கிராமத்துக் கிழவி. 2012 பெப்ரவரியில் மறைவதற்குச் சற்று முன்புவரை 'சரவணன் மீனாட்சி' தொலைக்காட்சித் தொடரிலும் நடித்தார். கதாநாயகனுக்குத் தன்னை நிலைநாட்ட இரண்டரை மணி நேரம் கிடைக்கிறது. துணை நடிகைக்கோ சில நிமிடங்கள். அவற்றுள் ஒரு முழு வாழ்க்கையை நம்பச் செய்ய வேண்டும்.

இத்தகைய உழைப்பின் பயனை நுகரும் நாம், அதே உழைப்பை நம் வீட்டுப் பெண் செய்தால் மானக்கேடு என்கிறோமே, இது நேர்மையாகுமா?

நடிப்பே கூடாதென்று கருதிப் படமே பாராதோர் நம்மிடையே உளர். அவர்கள் கருத்து நமக்கு உடன்பாடன்று. எனினும் அவர்கள் சொல்லும் செயலும் ஒன்று. நம் வழக்கு அவர்களோடு இல்லை. மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தில் நெய்தவர் பெயர் இராது. ஆயினும், அதை உடுத்துபவன் தறியில் அமர்வதை இழிதொழில் என்பதில்லை. நடிகைக்கு மட்டும் நாம் வேறு நியாயம் வைத்திருக்கிறோம். கண்ணீர் நமக்கு, பழி அவளுக்கு. பழியைச் சுமக்கப் பிறர் வீட்டுப் பெண்ணொருத்தி கடலுக்கு அப்பால் இருக்கிறாள் என்பதே நம் நிம்மதி! வறுமையோ ஆர்வமோ அவளை மேடைக்கு அனுப்பியிருக்கலாம். எதுவென்று நாம் கேட்டதுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் கற்பித்த பாடசாலையொன்றில் தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கினோம். தாய் வேடத்திற்கு ஒரு மாணவி வந்தாள். குரலை உயர்த்தாமலே துயரத்தைக் காட்டும் வித்தை அவளுக்கு எப்படியோ கைவந்திருந்தது. நான்காம் நாள் அவள் வாப்பா வந்தார். நல்ல மனிதர், பழைய படங்களில் பெரும் பிரியர். "பிள்ளைய நடிக்க விட ஏலா சேர், ஊர் என்ன சொல்லும்?" என்றார். அவர் எந்தப் படத்திற்கு அழுதவர் என்பது நமக்குத் தெரியும். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஊர் என்ற சொல்லுக்கு நாமும் அஞ்சினோம்.

பத்தாம் வகுப்புப் பையனொருவன் சேலை உடுத்து அவ்வேடத்தைச் செய்தான். இரண்டாம் காட்சியில் வசனத்தை மறந்து அவன் தடுமாறியபோது, திரைக்குப் பின்னாலிருந்து அவள்தான் அடுத்த வரியை மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.