யார் திரும்ப வேண்டும்?

குமணன்சாவடி சந்திப்பில் நின்று யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். வடக்கு, தெற்கு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "பூந்தமல்லி பக்கம் போங்க", "போரூர் பக்கம் திரும்பிக்கோங்க", "மாங்காடு ரோட்டப் புடிங்க" என்பார்கள். எங்கள் வீட்டில் வழி பற்றிய சண்டை இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. என் மனைவியின் போனில் மேப் எப்போதும் வடக்கு மேலே இருக்கும்படிதான் நிற்கும். என் போனில் வண்டி போகும் திசை மேலே இருக்கும், வண்டி திரும்பினால் மேப்பும் திரும்பும். "நீ திரும்புறப்பல்லாம் ஊரு திரும்புமா?" என்பாள் அவள். "ஊரு திரும்பாது, ஆனா என் எடது கை பக்கம் இருந்தது வலது கை பக்கம் வந்துடும்ல?" என்பேன் நான். மெட்ரோ தூண்களுக்கு இடையே யூ டர்ன் தேடி அலையும்போது இந்த விவாதம் வந்தால் இருவரில் யார் சொல்வதும் உதவாது.

இதைச் சில்லறைச் சண்டை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்தது கிடார் கற்க ஆரம்பித்த பிறகு. இன்னும் சரியாகச் சொன்னால், என் மகளுக்குக் கிடார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு.

முப்பத்து மூன்று வயதில் முதல் வகுப்புக்குப் போனேன். மாஸ்டர் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். கிடைமட்டமாக ஆறு கோடுகள், குறுக்கே ஃப்ரெட்டுகள் (வீணையில் மெட்டு என்போமே, அதுதான்), கோடுகளின் மேல் கருப்புப் புள்ளிகள். ஜி மேஜர் ஸ்கேல். நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுரங்கள். ஆறாவது கம்பியில் 3, 5. ஐந்தாவதில் 2, 3, 5. நான்காவதில் 2, 4, 5. மொத்தம் எட்டுப் புள்ளிகள்: சரி, கமப, தநிச. பார்க்க எளிமையாக இருந்தது.

ஆறாவது கம்பி என்பது இருப்பதிலேயே தடித்தது. கிடாரை மடியில் நிறுத்திப் பிடித்தால் அதுதான் மேலே, முகவாய்க்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் தாளில் அது அடிக்கோடு. எனக்கு அது தெரியாது. மேலே இருப்பது மேலேதானே என்று படத்தைத் தலைகீழாகப் படித்து மெல்லிய கம்பியில் ஆரம்பித்தேன். ச வந்தது, ரி வந்தது. மூன்றாவது சுரம் ஏறாமல் படியிலிருந்து தவறியதுபோல் கீழே விழுந்தது. கண் என்னவோ "நீ படத்தில் உள்ளபடிதான் வாசிக்கிறாய்" என்று சாதித்தது. காது ஒத்துக்கொள்ளவில்லை. மாஸ்டர் சிரித்துவிட்டு, "படத்த அப்பறம் பாருங்க சார், மொதல்ல காத கேளுங்க" என்றார்.

படம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. மேற்கத்திய இசைத்தாளில் உயர்ந்த சுரம் மேலே எழுதப்படும். அதனுடன் ஒத்துப்போக, உயர்ந்த சுரம் தரும் மெல்லிய கம்பி டேபிலும் மேல்கோடு. இன்னொரு காரணத்தை நீங்களே செய்து பார்க்கலாம். நிமிர்ந்திருக்கும் கிடாரை மெல்ல மல்லாத்தி, முகம் கூரையைப் பார்க்கும்படி மடியில் கிடத்துங்கள். இப்போது தடித்த கம்பி உங்கள் வயிற்றுக்குப் பக்கம், மெல்லிய கம்பி தள்ளி. மேஜையில் ஒரு தாளை வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தால் வயிற்றுப் பக்கம் கீழ், தள்ளி இருப்பது மேல். படம் அப்படியே பொருந்திவிடும். நான் தப்பு என்று நினைத்த படத்துக்கும் என் கையிலிருந்த மரத்துக்கும் கால் சுற்றுதான் வித்தியாசம்.

இந்தக் கால் சுற்றுக்காக ஐரோப்பாவில் இரண்டு கட்சிகள் இருந்திருக்கின்றன. லூட் என்னும் வாத்தியத்துக்கு 1507-ல் வெனிஸில் பெத்ரூச்சி அச்சிட்ட புத்தகத்தின் இத்தாலிய முறையில் மேல்கோடு தாழ்ந்த சுரம் தரும் கம்பி, அதாவது வாசிப்பவர் கையில் எது மேலே இருக்கிறதோ அது. பிரெஞ்சு முறையில் மேல்கோடு உயர்ந்த சுரம் தரும் கம்பி. ஸ்பெயினில் பெரும்பாலோர் இத்தாலிய வழியில் போக, லூயிஸ் மிலான் மட்டும் 1536-ல் வெளியிட்ட தன் 'எல் மாஸ்ட்ரோ' நூலில் படத்தைத் திருப்பிப் போட்டார். ஒரு கட்சி கையைப் பின்பற்றியது, இன்னொரு கட்சி காதைப் பின்பற்றியது. இன்றைய டேப் இரண்டாவது கட்சி.

சுரம் 'உயர்கிறது' என்பதே ஒரு பழக்கம்தான். பழந்தமிழ் இசையில் மூன்று தானங்களுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர். அங்கே உயரம் இல்லை, வலுதான் இருக்கிறது. கிடாரிலும் ஒரே கம்பியில் சுரம் ஏற ஏற, கை வாத்தியத்தின் உடலை நோக்கி இறங்கித்தான் வருகிறது. என் தொழிலிலும் இதே கதை. பள்ளிக்கூடக் கிராஃப் தாளில் y மேலே போகப் போகக் கூடும். கணினித் திரையில் கீழே வர வரக் கூடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வரைந்த முதல் சார்ட் தலைகீழாகத் தொங்கியது. தமிழில் திசைப் பெயர்களே நிலத்தைப் பார்த்து வந்தவை: மலை இருக்கும் மேல்பக்கம் மேற்கு, கடல் இருக்கும் கீழ்ப்பக்கம் கிழக்கு. நம் மொழிப்படி ஒரு மேப் வரைந்தால் மேலே இருக்க வேண்டியது பூந்தமல்லி, கீழே போரூர். 1154-ல் அல் இத்ரீசி வரைந்த உலகப் படத்தில் தெற்கு மேலே இருக்கிறது. யாரும் அதைப் பொய்ப் படம் என்று சொல்வதில்லை.

இதுவரை எல்லாம் சுவாரசியமான தகவல்கள்தான். ஒருவர் மேல் பாரம் விழும்போதுதான் இது அறக் கேள்வி ஆகிறது.

*

என் மகளுக்கு ஒன்பது வயது. இடது கைக்காரி. பள்ளியில் எழுதுவது, பந்து எறிவது, பல் தேய்ப்பது எல்லாம் இடது. சாப்பிடும்போது மட்டும் என் அம்மா அவள் கையை மாற்றிவிடுவார். "சோத்தாங்கையில சாப்டு கண்ணு." வலது கைக்கு மொழியிலேயே சோறு இருக்கிறது. இடது கைக்கு நம் பேச்சுவழக்கில் இருக்கும் பெயர் உங்களுக்கே தெரியும். கால் சுற்று வித்தியாசத்தை இவ்வளவு நிதானமாக ஆராயும் நானும் அவள் கிடார் கேட்டபோது என் அம்மா செய்ததையே செய்தேன். சின்ன கிடார் ஒன்று வாங்கி, "இப்படிப் புடி" என்று அவள் கையை மாற்றி வைத்தேன்.

என்னிடம் நியாயங்கள் இருந்தன. இடது கை கிடார் கடைகளில் எளிதில் கிடைக்காது. கிடாரில் இரண்டு கைக்கும் வேலை உண்டு, ஆரம்பத்தில் இரண்டுமே எல்லோருக்கும் அந்நியம்தான். நாளைக்கு நண்பர் வீட்டுக் கிடாரை எடுத்து வாசிக்க முடிய வேண்டும். இவற்றில் எதுவும் பொய் இல்லை. நல்ல ஆசிரியர்களே இதைச் சொல்வதுண்டு. இரண்டு வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் அவள் கிடாரைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "நீ வாசிப்பா, நான் கேக்குறேன்" என்றாள். அழவில்லை, கோபம் இல்லை. பெரியவர்கள் ஒரு விஷயத்திலிருந்து மரியாதையாக விலகிக்கொள்வதுபோல் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

வாத்தியம் ரிப்பேர் செய்பவர் ஒருவரைப் பிடித்து, நட்டை மாற்றி, கம்பிகளைத் திருப்பிப் போட்டு வாங்கி வந்தேன். இடது கையால் மீட்டும்படி அவள் பிடித்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தேன். என் கிடாரின் கழுத்து எந்தப் பக்கம் நீள்கிறதோ அவளுடையதும் அதே பக்கம். என் விரல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அவள் விரலும் அதே பக்கம். "அப்பா, நீ கண்ணாடி மாதிரி இருக்க" என்றாள். மாஸ்டருக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு அசைவையும் மனசுக்குள் திருப்பித் திருப்பி நான் மாதக்கணக்கில் பட்ட பாடு அவளுக்குத் தேவையே படவில்லை. யாருக்குக் குறை என்று நான் முடிவு கட்டியிருந்தேனோ, அவளுக்குத்தான் அந்த அறையில் நல்ல இடம் கிடைத்திருந்தது.

ஆனால் தாளை எடுத்தவுடன் அந்த இடம் போய்விட்டது. டேபில் கழுத்தின் நுனி இடப்பக்கம். அவள் கையில் வலப்பக்கம். சரி, அவளுக்காகக் கண்ணாடிப் படங்கள் வரைவோம் என்று ஒரு நோட்டுப் போட்டு வரைய ஆரம்பித்தேன். அதைப் பார்த்த என் மனைவி, வடக்கு மேலே கட்சிக்காரி, கேட்டாள்: "இந்தப் படம் நம்ம வீட்டுல மட்டுந்தான இருக்கும்? நாளைக்கு அவ வேற எடத்துல கத்துக்கப் போனா?"

எனக்குப் பதில் இல்லை. பொது வழக்கு என்பது பலர் நடந்து போட்ட பாதை. அது யாருக்கோ வசதியாக அமைந்தது என்பது உண்மை. அதில் நடந்தால்தான் மற்றவர்களைச் சந்திக்க முடியும் என்பதும் உண்மை. அன்பினால் ஒரு குழந்தைக்குத் தனிப் பாதை போட்டுக் கொடுத்து, அதன் முடிவில் அவளைத் தனியாக நிறுத்திவிடலாம்.

எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரை இதற்கு எதிர்த்தரப்பாக நிறுத்தலாம். இடது கைக்காரர். வலது கைக் கிடாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து, தாழ்ந்த சுரங்களை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசித்தார். அதுவே அவர் பெயரால் ஒரு பாணி ஆனது. பார், உலகம் திரும்பாதபோதும் அவர் திரும்பிக்கொண்டார், அதிலிருந்து கலை பிறந்தது என்று சொல்லலாம். சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் காட்டனின் பெயர் நமக்குத் தெரிவது அவர் கிடாரைக் கீழே வைக்காததால். சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு "நீங்க வாசிங்க" என்று சொன்னவர்களின் பெயர் எந்தப் பாணிக்கும் வைக்கப்படவில்லை.

*

இந்தச் சமயத்தில்தான் தமிழிசையின் வட்டப்பாலை பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்கு குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள். உரைகளின் துணையுடன் இந்த வட்டத்தைப் பன்னிரண்டு ராசிக் கட்டங்களில் வைத்து விளக்குவார்கள். ஸ்கேலுக்கு நம் ஆட்கள் போட்ட படம் இது. இதில் மேல், கீழ் கிடையாது. எந்தச் சுரத்திலிருந்து ஆரம்பிக்கிறாய், எந்தப் பக்கம் சுற்றுகிறாய் என்பதுதான் கேள்வி. ஆரம்பத்தை மாற்ற மாற்ற, அதே ஏழிலிருந்து ஏழு பாலைகள் பிறக்கும்.

பக்கம் என்பதும் அவ்வளவு லேசு இல்லை. மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலில் வலம் வருகிறோம். நடக்கும்போது சந்நிதி நம் வலக்கைப் பக்கம் இருக்கிறது. ஆனால் குரவை ஆடும் பெண்போல் நடுவைப் பார்த்து நின்றபடி அதே சுற்றில் நகர்ந்தால், ஒவ்வொரு அடியும் இடப்பக்கம் வைக்கிறோம். சுற்று ஒன்றுதான். நடப்பவருக்கு அது வலம், ஆடுபவருக்கு இடம்.

யாழ் நம் கையை விட்டுப் போய்விட்டது. சொல்லும் கட்டமும்தான் மிஞ்சின. அதை வைத்துக்கொண்டு ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்து அறிவியல் படித்த விபுலாநந்தர் கடைசிக் காலம் வரை உழைத்து, 1947-ல், தான் மறைவதற்குச் சில வாரங்கள் முன்பு, 'யாழ் நூல்' அரங்கேற்றினார். ஆனாலும் செம்பாலை என்பது அரிகாம்போதியா சங்கராபரணமா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்துகொண்டே இருந்தது. ஒன்றை யோசித்துப் பாருங்கள். அரிகாம்போதியின் மத்யமத்தை ஆதார சட்ஜமாக வைத்தால் வருவது சங்கராபரணம். வட்டம் மாறுவதில்லை, நிற்கும் இடம்தான் மாறுகிறது. இங்கே நில் என்று தொட்டுக் காட்ட ஒரு யாழ் ஆசிரியரின் விரல் இருந்திருந்தால், என் மாஸ்டர்போல் "காத கேளுங்க" என்று ஒருவர் இருந்திருந்தால், இவ்வளவு பக்கங்கள் தேவைப்பட்டிருக்காது. படம் வரைந்தவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவர்களோடு போய்விட்டது.

எனக்கு உறைத்தது இதுதான். எந்தப் படமும் ஓர் இருக்கையிலிருந்து வரையப்படுகிறது. அந்த இருக்கையைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். என் ஜெராக்ஸ் தாள் தப்பில்லை, அது எங்கிருந்து பார்க்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இருக்கையைச் சொல்லாத படம், வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "உனக்குப் பார்க்கத் தெரியவில்லை" என்று சொல்கிறது. ஒன்பது வயதுக் குழந்தை அதை நம்பிவிடும்.

பிறகு, யார் திரும்ப வேண்டும்? முதலில் திரும்ப வேண்டியது தெரிந்தவர்தான் என்று நினைக்கிறேன். தாளையும் கையையும் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க அவரால் முடியும், புதிதாக வந்தவரால் முடியாது. முடிகிறவர் மேல்தான் கடமை விழும். ஆனால் அவரே கடைசிவரை திரும்பிக்கொண்டிருந்தால், எதிரே இருப்பவர் திரும்பக் கற்கவே மாட்டார்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். முதலில் காதால் ஸ்கேலைக் கண்டுபிடிக்கிறோம். பிறகு படத்தை அவளே அவள் கையைப் பார்த்து வரைகிறாள். அதன் பிறகு உலகம் எழுதும் மாதிரி அதைத் திருப்பி எழுதுகிறாள். போன வாரம் அவள் நோட்டைப் புரட்டியபோது ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சின்னதாக ஒரு கண் வரைந்திருந்தது. என்ன இது என்றேன். "இங்கேர்ந்து பாக்கணும்ப்பா. இல்லன்னா ஒனக்குப் புரியாது" என்றாள்.

பொது டேபைப் படிக்க அவளுக்கு இன்னும் என்னைவிட அதிக நேரம் ஆகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அவள் கட்டும் அந்தச் சின்ன வரியை நான் கட்டுவதில்லை. அதை அநியாயம் என்பதா, பயிற்சி என்பதா என்று இன்னும் எனக்குள் முடிவாகவில்லை. நேற்று ஐயப்பன்தாங்கல் போகும் வழியில் என் போன் மேப்பை வடக்கு மேலே இருக்கும்படி மாற்றி வைத்தேன். இரண்டு முறை தவறாகத் திரும்பினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பின் சீட்டிலிருந்து மகள்தான் பொறுமையாக வழி சொல்லிக்கொண்டு வந்தாள்.