கை வெறுமையானால்...

வீட்டு வேலை கிடக்க, ஒரு பெண் தனியே அமர்ந்து கோலம் பழகுவதும் பாட்டு எழுதுவதும் சுயநலமா?

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியையொட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறதே, அந்தக் கதையிலேயே பதில் இருக்கிறது. கணவர் அனுப்பிய கனிகள் 2. ஒன்றை அடியாருக்கு அமுதுடன் படைத்துவிட்டார் புனிதவதியார். மற்றதைச் சுவைத்த கணவர், இன்னொன்றையும் கேட்டார். கொடுக்க ஏதுமில்லை. அம்மை உள்ளே சென்று, தனியே நின்று ஈசனை நினைத்தார். கையில் கனி வந்தது! அந்தத் தனிமை அவருக்காக மட்டுமா? கணவரின் இலைக்காகவும்தான். பின்னாளில் அற்புதத் திருவந்தாதியின் 101 பாடல்களைத் தந்ததும் அந்த நெஞ்சமே.

கொடுத்துக் கொடுத்து மனம் வெறுமையாகும்போது, தோழியரே, கால் மணி நேரம் ஒதுங்குங்கள். பூ தொடுங்கள் அல்லது புள்ளிக்கோலம் வரையுங்கள். நிறைந்த மனதோடு திரும்புவது வீட்டாருக்கும் பிரசாதம்தானே!