கை முந்திற்றா, கருத்து முந்திற்றா?

தான் செய்யும் காரியங்களுக்கு மனிதன் எம்மட்டும் பொறுப்பாளி என்னும் வினா தத்துவ நூலோர் கையிற் சிக்கி மிகவும் நைந்துபோன ஒன்றாகும். அதனை மீண்டும் எடுத்து விரிப்பதற்கு எனக்குள்ள தகுதி தோட்டக் கிராணி என்பது ஒன்றே. கிராணி உத்தியோகம் என்றால் செக்ரோலிற் பெயர் பதிவதும் சம்பளக் கணக்கு எழுதுவதும் மட்டுமே என நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அடிதடி விசாரணைகளில் வாக்குமூலம் எழுதுவதும் அவன் தலையிலேயே விழுகின்றது. அவ்வாக்குமூலங்களில் பெயரும் தேதியும் மாறினும் ஒரு வாக்கியம் மட்டும் மாறுவதில்லை: “என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது ஐயா, கை முந்திவிட்டது.” தண்டல் தொழிலாளியை அடித்தாலும், கணவன் மனைவியை அடித்தாலும், அண்ணன் தம்பியை அடித்தாலும் இதே சமாதானந்தான். கேட்போரும் தலையசைத்து, இருவரையும் கைகொடுக்கச் செய்து, காப்பி வரவழைத்து, விசாரணையை முடித்துவிடுகின்றனர். லோபாக்கிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இவ்வாறு முடிந்த வழக்குகள் எத்தனையோ!

கை முந்துவது உண்மையில் நடக்கக்கூடியதா? நடக்குமாயின் குற்றம் யாருடையது? இதற்கு விடை தேடி நூலகத்துக்குச் செல்வதைவிடக் குத்துச்சண்டைக் கோதாவுக்குச் செல்வது நலம். கை முந்துவதையே தொழிலாகப் பயில்வோர் அங்கேதான் உளர்.

முதலிற் கண்ணைப் பற்றிச் சில சொற்கள். விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்து என்று ஒருவனிடம் கூறுவோமாயின், அவன் எத்துணைச் சுறுசுறுப்பானவனாயினும், காண்பதற்கும் அழுத்துவதற்கும் இடையே ஏறத்தாழ விநாடியில் ஐந்திலொரு பங்கு கழிந்துவிடும். தேர்ந்த சண்டைக்காரனின் ‘ஜாப்’ எனப்படும் நேர்க்குத்தோ, புறப்பட்ட இடத்திலிருந்து எதிரியின் மூக்கைச் சேர, விநாடியில் பத்திலொரு பங்கு அளவே எடுத்துக்கொள்கின்றது. ஆகவே, வரும் குத்தைக் கண்டு, பின்னர் விலகுவது கணக்குப்படி ஆகாத காரியம். எனினும் விலகுகின்றனரே, எங்ஙனம்?

அவர்கள் குத்தைப் பார்ப்பதில்லை. கைமுட்டி புறப்படுமுன் தோள் சற்றே அசைகின்றது. அதற்கும் முன் இடுப்பு திரும்புகின்றது. அதற்கும் முன் உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாறுகின்றது. பழகியவன் தன் பார்வையை எதிரியின் மார்பளவில் நிறுத்திவிட்டு, கால், தோள், முழங்கை ஆகியவற்றின் அசைவுகளையெல்லாம் ஓரக்கண்ணால் வாங்கிக்கொள்கின்றான். கையுறையைத் துரத்தித் துரத்திப் பார்ப்பவன் புதியவன். கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் அச்சிறு பொழுதில் அது குருடுக்குச் சமம். அடி விழுவது பெரும்பாலும் அப்பொழுதில்தான். ஆக, அனுபவசாலி ‘கண்டேன்’ என்று சொல்வது கண்டதன்று. ஆண்டுக்கணக்கான பயிற்சியினால் முன்கூட்டியே ஊகித்தது. அவ்வூகத்தை ஏமாற்றவே பொய்க்குத்து என்னும் தந்திரம் பிறந்தது. தோளை அசைத்துக் காட்டிக் கையை நிறுத்திக்கொண்டால், எதிரி வராத குத்துக்கு விலகி, வரும் குத்தில் விழுகின்றான்.

இவ்வித்தை தமிழர்க்கு அயலானதன்று. வட சென்னையில் ராயபுரம், வியாசர்பாடி முதலிய இடங்களில் மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் இதனைப் பரம்பரை பரம்பரையாகப் பயின்றனர். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்னும் பெயர்கள் 2021இல் வந்த திரைப்படத்தின் வாயிலாக மலேசியத் தமிழ் வீடுகளிலும் புழங்கலாயின. சார்பட்டா பரம்பரையைச் சேர்ந்த கித்தேரி முத்துவின் பெயரை முதியோர் இன்றும் எடுத்துரைப்பர். 1980இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து காட்சிச் சண்டையிட்டுச் சென்றார். ஆங்கிலப் பள்ளியிற் படித்த எம் போன்றோர் வெள்ளையனிடமிருந்து அவன் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டோம். துறைமுகக் கூலிகளோ அவன் குத்தையே கற்றுக்கொண்டனர். எவர் பெற்றது பெரிது என்பதை ஈண்டு ஆராயப் புகவில்லை.

அக்காலச் சென்னையில் இப்பந்தயங்களை ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்றே விளம்பரப்படுத்துவர். ரோஷம் சுவரொட்டிக்கு ஏற்ற சொல்; கோதாவில் அதற்குப் பயன் குறைவு. சினங்கொண்டவன் கையை அகல ஓங்குகின்றான். ஓங்கிய கை தான் வரும் செய்தியைத் தானே முன்னறிவித்துவிடுகின்றது. ஆதலின், பயிற்சியின் பெரும்பகுதி கையை விரைவாக ஓட்டுவதில் மட்டும் அன்று, கையை அடக்கி வைப்பதிலும் செல்கின்றது.

நிற்க. இனி முறைகேடான அடிகளுக்கு வருவோம். வீழ்ந்தவனை அடிக்கலாகாது என்பது 1743இல் பிராட்டன் என்பவர் லண்டனில் வகுத்த விதிகளிலேயே உண்டு. கையுறையும் மூன்று நிமிடச் சுற்றும் 1867இல் குவின்ஸ்பரி பிரபுவின் பெயரால் வந்தன. இடைவாருக்குக் கீழ் அடித்தல், பிடரியில் அடித்தல், தலையால் முட்டுதல், ஒரு கையாற் பிடித்துக்கொண்டு மறுகையாற் குத்துதல் ஆகியன யாவும் இன்று குற்றங்கள். ஆனால், விரைவு என்னும் ஒன்று இக்குற்றங்களையெல்லாம் குழப்பிவிடுகின்றது. கன்னத்தை நோக்கிப் புறப்பட்ட வளைகுத்து, எதிரி சட்டெனத் தலையைத் திருப்பிக் குனிந்துவிட்டால், பிடரியில் விழுகின்றது. அடித்தவன் பிடரியைக் குறிவைக்கவில்லை. பிடரி வந்து குறியில் நின்றது. மண்டையின் பின்புறத்து அடி உயிருக்கே உலை வைக்கவல்லது என்பதோ எவரும் அறிந்தது. விளைவு கொடியது, நோக்கம் தூயது. மத்தியஸ்தர் என் செய்வார்? விதி நூலார் இதற்கு ஒரு வழி கண்டனர். தற்செயலான தவறு வேறு, வேண்டுமென்றே செய்த தவறு வேறு எனப் பிரித்து, பின்னதற்கே தோல்வித் தண்டனை வரை விதித்தனர். பிரிப்பது எளிது, இரண்டையும் அடையாளங் காண்பதன்றோ அரிது!

ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1997 மார்ச் 21ஆம் தேதி அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ராய் ஜோன்ஸ் என்பவரும் மாண்டெல் கிரிஃபின் என்பவரும் மோதினர். அதுவரை தொழில்முறைப் பந்தயங்களில் ஜோன்ஸ் தோற்றதேயில்லை. கைவேகத்தில் அவருக்கு நிகரானவர் அந்நாளில் அரியர். ஒன்பதாம் சுற்றில் அடி தாங்காத கிரிஃபின் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். முழங்கால் பட்டால் வீழ்ந்ததற்குச் சமம். ஜோன்ஸின் குத்து அவர் மீது விழுந்தது. அதனைத் தொடர்ந்து இன்னொன்றும் விழுந்தது. கிரிஃபின் சாய்ந்தார். மத்தியஸ்தர் ஜோன்ஸைத் தகுதி நீக்கம் செய்ய, பட்டம் கிரிஃபினுக்குப் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 7இல் மீண்டும் மோதியபோது ஜோன்ஸ் முதற் சுற்றிலேயே அவரை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார்.

இங்கே என் சிந்தையைக் கவர்வது அவ்விரு குத்துகளுக்கும் இடைப்பட்ட இடைவெளி. முழங்கால் தரையைத் தொட்டபோது முதற் குத்து புறப்பட்டிருக்கலாம். புறப்பட்ட கையைத் திரும்ப அழைக்க உலகில் எவராலும் ஆகாது. அதற்கு ஜோன்ஸைக் குறைகூற நான் ஒருப்படேன். ஆனால் இரண்டாவது? அதற்கு முன்னர், எத்துணைச் சிறிதாயினும், ஒரு பொழுது இருந்தது. எதிரி கீழே இருக்கின்றான் என்பதை அறியப் போதிய பொழுதா அது என்று கேட்டால், நான் பொறிகொண்டு அளந்தவன் அல்லேன். எனினும் முதற் குத்துக்குக் கிடைக்கும் மன்னிப்பு இரண்டாவதற்கும் அப்படியே கிடைக்கும் என்பது நியாயமாகாது.

விதியை மீறாத கை குற்றமற்ற கை என்றும் சொல்வதற்கில்லை. 1962 மார்ச் 24ஆம் தேதி நியூயார்க்கில் எமில் கிரிஃபித், பென்னி பாரெட் என்னும் இருவர் மோதினர். காலையில் எடை பார்க்கும் இடத்தில் பாரெட் இழிசொல் கூறிக் கிரிஃபித்தை அவமதித்திருந்தார். இரவு பன்னிரண்டாம் சுற்றில், மூலையிற் சிக்கிச் செயலற்றுப்போன பாரெட்டின் தலையிற் கிரிஃபித்தின் குத்துகள் இடைவிடாது பொழிந்தன. மத்தியஸ்தர் தாமதித்தே புகுந்தார். பத்து நாள் கழித்து, ஏப்ரல் 3ஆம் தேதி, பாரெட் இறந்தார். கிரிஃபித்தைச் சட்டம் தண்டிக்கவில்லை. ஆயினும் அவரது உறக்கத்தில் பாரெட் பல்லாண்டுகள் வந்துகொண்டேயிருந்தார். காலையில் பட்ட அவமானம் இரவில் கையாய் நின்றதா, அன்றிப் பயின்ற கை தன் தொழிலைச் செய்ததா? அவரே அறிந்திருப்பார் என நான் நினைக்கவில்லை. அங்கே நிதானமாய்ப் பார்க்கக் கடமைப்பட்டவர் ஒருவர் இருந்தார். அவர் கைகளை எவரும் தாக்கவில்லை. அவர் தலையில் எந்த அடியும் விழவில்லை. கை முந்தும் இடத்தில் நிறுத்தப்பட்ட மத்தியஸ்தர் பிந்துவாராயின், அப்பழியில் அவருக்கும் பங்குண்டு. ‘குடும்பச் சண்டை, நமக்கேன்’ என்று கதவைச் சாத்திக்கொள்ளும் அண்டை வீட்டாரையும் நான் இந்த வரிசையிலேதான் சேர்ப்பேன்.

புராணம் நமக்குப் பிரமாணம் அன்று என்று தோழர்கள் கூறுவர், நானும் அக்கட்சியே. ஆயினும் கதை என்ற அளவிற் பாரதத்துக் கதாயுத்தத்தைச் சற்றே நோக்கலாம். உந்திக்குக் கீழ் அடிக்கலாகாது என்பது அவ்யுத்தத்தின் விதி. துரியோதனன் அடியைத் தப்ப மேலே தாவ முற்படுகின்றான். வீமன் அதனை முன்கூட்டியே உணர்ந்து தொடையிற் கதையை வீசுகின்றான். இன்றைய வழக்கறிஞர் ஒருவர் வீமனுக்காக வாதாடினால், ‘கனம் கோர்ட்டாரவர்களே, என் கட்சிக்காரர் மார்பைத்தான் குறிவைத்தார், எதிராளி தாவியதால் தொடை குறுக்கே வந்தது’ என்பார். அவ்வாதம் நில்லாது. தொடையை முறிப்பேன் என வீமன் சபையிலே சூளுரைத்துப் பதின்மூன்றாண்டுக்கு மேலாகின்றது. கதை வீசப்பட்டது ஒரு கணத்தில். அது ஓங்கப்பட்டதோ சூதாட்ட மண்டபத்தில்.

ஆங்கிலம் பயின்ற நண்பர் சிலர் இவ்விடத்தில் விஞ்ஞானத்தைக் கொண்டுவந்து என்னை மடக்க முயல்வர். 1983இல் பெஞ்சமின் லிபெட் என்னும் அமெரிக்க அறிஞர், விரும்பிய கணத்தில் கையை அசைக்குமாறு சிலரிடம் கூறி அவர்தம் மூளையின் மின்னியக்கத்தை அளந்தார். ‘அசைக்கப் போகின்றேன்’ என்று அவர்கள் உணர்வதற்கு ஏறத்தாழ விநாடியில் மூன்றிலொரு பங்கு முன்னரே மூளை ஆயத்தமாகிவிடுவதைக் கண்டார். ஆகவே கைதான் முந்துகின்றது, கருத்து பின்னால் வந்து கையொப்பமிடுகின்றது என்பர் நண்பர்கள். அம்முடிவின் பொருள் யாது என்பதில் அறிஞரிடை வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால், எண்ணம் தோன்றியபின் செயலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு எஞ்சியிருக்கின்றது என்று லிபெட்டே கூறிய மறுபாதியை நண்பர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

தடுத்து நிறுத்தும் அவ்வாற்றலைக் கோதாவிலேயே காணலாம். இருவரும் வெறிகொண்டு குத்திக்கொள்ளும் வேளையில் மத்தியஸ்தர் இடையே புகுந்து ‘விலகு’ என்கின்றார். இரண்டு சாண் தூரத்தில் அவர் முகம் இருக்கின்றது. நான்கு கைகளும் அடங்குகின்றன. எப்போதேனும் ஓரடி தவறி அவர்மேற் படுமாயின் அது செய்தியாகிவிடுகின்றது, அவ்வளவு அருமை. எண்ணாமற் பாயும் கை எண்ணாமலே நிற்கவும் செய்கின்றது! எவரை அடிக்கலாம், எவரை அடிக்கலாகாது என்பதை அக்கை அறியும். அவ்வறிவு பிறப்பில் வந்ததன்று, பயிற்சியில் ஏற்றப்பட்டது.

இனி நம் தோட்டத்துக்குத் திரும்புவோம். ‘கை முந்திவிட்டது’ என்னும் வாக்குமூலங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தென்பட்டது. தண்டலின் கை தொழிலாளியின் மேல் முந்தியிருக்கின்றது. கணவனின் கை மனைவியின் மேலும், தந்தையின் கை பிள்ளையின் மேலும் முந்தியிருக்கின்றன. உள்நாட்டானின் கை, மொழி தெரியாத வங்காளதேசத் தொழிலாளியின் மேல் முந்தியிருக்கின்றது. நிர்வாகியின் மேல், அதாவது முன்னோர் ‘துரை’ என்று விளித்த அந்நாற்காலியின் மேல், முந்திய கை ஒன்றையேனும் நான் எழுதியதில்லை. அந்நாற்காலி எவருக்கும் கோபமூட்டாத நாற்காலி அன்று. சம்பளம் பிடித்தபோதும், பலர் முன்னிலையில் வசை கேட்டபோதும், அதே கைகள் அதன்முன் கட்டிக்கொண்டு நின்றன. ஆங்கே பொறுமை எங்கிருந்து வந்தது? விநாடியில் ஐந்திலொரு பங்கில் அவ்வளவு நுட்பமாக ஆள் பார்த்துச் சாதி, பதவி, பால் எல்லாம் கணித்து விலகும் கையை ‘அறியாத கை’ என்று நான் எப்படி எழுதுவேன்? அக்கையைப் பழக்கிய கோதா வீடும் லயமும் பெரட்டுக் களமும் ஆகும். தந்தை தாயை அடிக்கக் கண்ட சிறுவனும், அடிவாங்கியவளையே ‘நீ வாயை அடக்கு’ என்று கடிந்த பஞ்சாயத்தும் அதற்குப் பயிற்சி தந்த ஆசிரியர்கள்.

சட்டமும் திடீர்க் கோபத்துக்குச் சிறிது இடம் தருவதுண்டு. எனினும் கோபமூட்டும் நிலையைத் தானே தேடிக்கொண்டவனுக்கு அச்சலுகை இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் இந்நாட்டில் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும் காப்பி வரவழைத்து முடிக்கும் விசாரணைகள் ஓயவில்லை.

ஆதலின் விசாரணைத் தாளில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தல் வேண்டும் என்பது என் விண்ணப்பம். முதலடிக்குப் பின் எத்தனை அடி விழுந்தது என்பது ஒன்று. இதே அளவு கோபம் வந்த வேறொரு நாளில் இதே கை எவர் முன்னிலையில் முந்தாமல் நின்றது என்பது மற்றொன்று. பின்னதற்கு விடையளிக்கப் பலர் மறுப்பர்; எழுதுவதற்கு விட்ட இடம் வெறுமையாகவே கிடக்கும். கிடக்கட்டும், கையொப்பம் வாங்கி அத்தாளையும் கோப்பிலே சேர்த்துக்கொள்வோம்.