கெபினைத் தூக்கிப் பாருங்கள்

முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்கு வரும் வீதியில் பாரம் ஏற்றிய லொறி வந்தால், கண்ணில் படுமுன்னரே அது எனக்குக் கேட்டுவிடுகிறது. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். சாரதி மிதிக்க மிதிக்கச் சீறல் கூடும், இழுவை கூடாது. பின்னால் கன்னங்கரேலென்று புகை. அந்தப் புகைக்குள்ளால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மற்றக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அந்த லொறிகளின் சொந்தக்காரரில் பலரோடு நான் ஒன்றாக இருந்து தேநீர் குடித்திருக்கிறேன். ஆனபடியால் இது பிறத்தியாருக்கு எழுதுவதல்ல. என் ஊரவனுக்கு, முகத்துக்கு நேரே சொல்வது.

அந்தச் சீறல் றப்பர் குழாய் கிழிந்த சத்தம். காற்றைத் திணிக்கும் ரேர்போவிலிருந்து அதை ஆறவைக்கும் இன்ரர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் காற்றைக் கொண்டுபோகும் குழாய். சாரதிக்கு அது தெரியும். கிளீனர் பெடியனுக்கும் தெரியும். பெரும்பாலும் முதலாளிக்கும் தெரியும். 'இந்த லோட் முடியட்டும், பிறகு பாப்பம்' என்ற ஒரு வசனத்தில்தான் அது மாதக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நானும் அந்த வசனத்தைச் சொன்னவன். என்னிடம் ஒரு லொறி இருந்த காலம். நெல் அறுவடை நேரம். என் சாரதி, இருபத்தைந்து வயதுப் பெடியன், ஒருநாள் வந்து, "அண்ணை, ரேர்போ ஹோஸ் ஊதிப்போய்க் கிடக்கு, மாத்தினால் நல்லது" என்றான். "நெல்லு ஏத்தி முடியட்டும் தம்பி" என்றேன். பழைய ரியூபைக் கீலம் கீலமாக வெட்டிச் சுற்றி, மேலே கம்பியால் இறுக்கிவிட்டேன். என் கையாலேயே செய்தேன். இரண்டு கிழமை கழித்து, ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம் போகும் வீதியில், முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்கு அவன் வலப்பக்கம் எடுத்து மிதித்த நேரம் குழாய் வெடித்தது. துவக்குச் சத்தம் போலக் கேட்டதாம். அடுத்த கணம் எஞ்சினில் உயிர் இல்லை. பக்கத்தில் பஸ், எதிரே ஒரு வாகனம், தலைக்குப் பின்னால் அத்தனை மூட்டை நெல். முந்தவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல், வலப்பக்கக் கரைக்குக் கீழே இறக்கிவிட்டான். பத்தைக்குள் போய் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்தவன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அந்த மௌனம் இன்றும் என்னோடு இருக்கிறது.

ஒட்டுப்போடும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990களில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. டீசல் வராது, பற்றரி வராது, உதிரிப்பாகம் வராது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். அந்தக் காலத்தில் ரியூப் கீலத்தாலும் தகரத்தாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கைகளை நான் கும்பிடுவேன். அது கெட்டித்தனம் மட்டுமல்ல, தர்மமும்தான். பிறகு போரின் முடிவில், 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் வெறுங்கையோடு வந்தோம். லொறிகளும் உழவு இயந்திரங்களும் முள்ளிவாய்க்காலில் எரிந்து துருப்பிடித்துக் கிடந்தன. மீண்டும் ஒரு வாகனம் எடுக்க எத்தனை குடும்பம் காணி உறுதியையும் நகையையும் கொடுத்தது, எத்தனை குடும்பம் இன்னும் லீசிங் கட்டுகிறது என்பதெல்லாம் மறந்து நான் பேசவில்லை. ஆனால் இன்று வீதி திறந்திருக்கிறது, கடை திறந்திருக்கிறது. வவுனியாவில் இல்லாத குழாய் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துவிடும். இல்லாமையில் போட்ட ஒட்டை இருக்கும்போதும் போட்டால், அதை எப்படிக் கெட்டித்தனம் என்பது? மற்றவனுடைய உயிரில் மிச்சம் பிடிப்பது அது.

எஞ்சின் டீசலைக் குடித்து ஓடுகிறது என்று நினைக்கிறோம். டீசலைவிடக் காற்றைத்தான் அது அதிகம் குடிக்கிறது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியப் பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். நாலு லீற்றர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2500 சுற்றுச் சுற்றும்போது, ரேர்போ இல்லாமலே ஏறத்தாழ 5000 லீற்றர் காற்றை இழுக்கும். எங்கள் வீடுகளில் நிற்கும் 1000 லீற்றர் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியால் அளந்தால் நிமிடத்துக்கு ஐந்து தாங்கி. ரேர்போ அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கித் திணிக்கிறது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தாலேயே புதுக் காற்றை உள்ளே தள்ளலாம் என்று சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஷி 1905 இல் காப்புரிமை எடுத்தார். அந்தக் கெட்டித்தனம் முழுவதும் கடைசியில் தங்கியிருப்பது நாலு றப்பர் குழாயிலும் எட்டுக் கிளிப்பிலும்தான். அதில் ஒன்று கிழிந்தால் திணித்த காற்று வெளியே போகும். பழைய வகை டீசல் பம்ப் உள்ள எஞ்சின் பலவற்றுக்கு அது தெரியாது, டீசலை அதே அளவில் ஊற்றும். எரியாத டீசல் கரியாகப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் திட்டவட்டமாக வகைப்படுத்திவிட்டது. 2022 ஜூனில் லீற்றர் 460 ரூபாய்க்குப் போன டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் படுத்துக்கிடந்தோமே, அதே டீசலைத்தான் வீதியில் கரும்புகையாக விடுகிறோம்.

சீறுகிற குழாயாவது கூப்பிட்டுச் சொல்கிறது. எனக்கு அதைவிடப் பயம், சத்தமே போடாத மற்றக் குழாயில். எயார் பில்ரருக்கும் ரேர்போவுக்கும் நடுவில் இருப்பது. அது ஊதுகிற பக்கமல்ல, உறிஞ்சுகிற பக்கம். அதில் ஒரு வெடிப்பு விழுந்தால் காற்று வெளியே போகாது. வெளித்தூசி உள்ளே வரும், பில்ரரைத் தொடாமலே. எங்கள் தூசி என்ன தூசி? கிரவல் வீதியின் சிவப்புத் தூள், கடற்கரை மணல். மணலின் பளிங்குத் துகள் இரும்பை அராவும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று அளவில் சுழலும் ரேர்போவின் இலைகளை முதலில் அது தின்னும். பிறகு சிலிண்டருக்குள் போய் றிங்ஸைத் தின்னும். எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கும், கம்பிரசன் போகும். அப்போது, "ஒயில் சரியில்லை, சாரதி ஓட்டத் தெரியாதவன்" என்போம். சில லொறிகளில் காற்றுப் பிறேக்கின் கம்பிரசரும் இதே குழாயிலிருந்துதான் காற்றெடுக்கிறது. தூசி பிறேக் வரைக்கும் போகிறது என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

இந்தக் குழாயின் நோய் அநேகமாக உட்பக்கத்தில்தான் இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் ஒயில் ஆவி உள்தோலை ஊறவைத்து, பிரித்து, நாக்குப் போலத் தொங்கவிடும். எஞ்சின் வேகமெடுக்கையில் அந்த நாக்கு உறிஞ்சப்பட்டு வழியை அடைக்கும், அல்லது குழாயே சப்பையாகிப்போகும். வண்டியை நிறுத்தினால் பழையபடி உருண்டையாக இருக்கும். வெளியே துடைத்துப் பார்த்து 'நல்லாத்தானே கிடக்கு' என்று சொல்லும் முதலாளி பொய் சொல்லவில்லை. உள்ளே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மனை நினைக்காமல் எனக்கு எழுத முடியவில்லை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி தங்கி ஆறிய பத்தாவது இடம் என்பதால்தான் இது பத்தாப்பளை, பிறகு வற்றாப்பளை என்று முதியவர்கள் சொல்வார்கள். கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்த ஊர் இது. பாண்டியன் கொடியவனா? இல்லை. அரசியின் சிலம்பு களவு போனது உண்மை. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்ததும் உண்மை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பாண்டியன் பார்க்கவில்லை. கண்ணகி வந்து உடைத்துக் காட்டினாள். ஒரு ஊர் எரிந்ததற்கு அந்தப் பாராமைதான் காரணம். நந்திக்கடல் ஓரத்தில் அவளுக்குப் பொங்கிப் படைக்கிற நாங்கள், உடைத்துப் பார்க்கவும் வேண்டாம், ஒரு கிளிப்பைக் கழற்றிப் பார்க்கவும் பஞ்சிப்படுகிறோம்.

பார்ப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், தெரியாது என்ற கதைக்கு இடம் வைக்காமல். எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஓடி வந்த சூட்டில் ரேர்போப் பக்கம் கை வைத்தால் தோல் கழன்றுவிடும். சில்லுக்குக் கட்டை வையுங்கள். கெபினைத் தூக்கினால் தாங்குகம்பி கொளுவிவிட்டதா என்று இரண்டு தரம் பாருங்கள். குழாயைக் கையால் அமத்திப் பாருங்கள். குழைந்த சோறு மாதிரி அமர்ந்தால் ஒயிலில் ஊறிவிட்டது, காய்ந்த தோல் மாதிரி நொறுநொறுத்தால் சூட்டில் வெந்துவிட்டது. இரண்டுமே போனவைதான். வளைவின் கீழ்ப்பக்கத்தை மறக்கவேண்டாம். ஒயில் தேங்குவதும் வெடிப்பு விழுவதும் அங்கேதான், மேலிருந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது. கிளிப் கடித்த இடத்தையும், இரும்பில் உரசி மினுங்கும் இடத்தையும் விரலால் தடவுங்கள். பிறகு கழற்றி, ரோர்ச் லைற் அடித்து உள்ளே பாருங்கள். பில்ரருக்குப் பிறகு வரும் குழாயின் உட்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மெல்லிய ஒயில் பூச்சு வந்தால் பெரும்பாலும் பயமில்லை. சிவப்புத் தூள் வந்தால் அந்த லொறி அடுத்த லோட்டுக்குப் போகக்கூடாது.

மாற்றும்போதும் நேர்மை வேண்டும். றேடியேற்றர்த் தண்ணீர்க் குழாயை வெட்டிப் பூட்டுவது மாற்றமல்ல. அது ஒயிலுக்குச் செய்ததல்ல, கொஞ்சக் காலத்தில் ஊதும். நீலத்திலும் சிவப்பிலும் பளபளக்கும் சிலிக்கன் குழாய் சூட்டைத் தாங்கும், ஆனால் வெறும் சிலிக்கன் ஒயிலைத் தாங்காது. ஒயில் தாங்கும் உட்பூச்சு உள்ளதா என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குங்கள். உறிஞ்சும் பக்கத்துக் குழாய் சப்பையாகாத வலுவோடு இருக்கவேண்டும். புதுக் குழாய்க்குப் பழைய துருக் கிளிப் போடாதீர்கள். பேய் இறுக்கு இறுக்கினால் கிளிப்பே குழாயை வெட்டும். இரண்டொரு நாள் ஓடியபின் ஒருதரம் மீண்டும் பாருங்கள்.

புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் டீசல் பம்பைக் குறைத்து, சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் கூட்டுகிற வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். நாட்டில் 2008 இல் தொடங்கிய இந்தப் பரிசோதனையை நாங்கள் வென்றுவிட்டதாகச் சிரிக்கிறோம். அந்தத் தாளை வாங்கியது எங்கள் பிள்ளைகளின் மூச்சுக்காக. அதில் களவு செய்து யாரிடம் வென்றோம்? கராச் வைத்திருக்கும் தம்பிமாரிடமும் ஒரு கேள்வி: வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக வெடித்த குழாயில் பசை பூசி அனுப்புகிறீர்களே, அந்த லொறிக்கு முன்னால் உங்கள் தங்கை ஸ்கூட்டியில் போவதை நினைக்கமாட்டீர்களா? 'இதை ஒட்டித்தர மாட்டன் அண்ணை' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் நாலு பேர் சொல்வார்கள்.

சாரதி தம்பிமாரே, சீறல் கேட்ட அன்றே சொல்லுங்கள், இரண்டாம் தரமும் சொல்லுங்கள். சொன்ன பிறகும் மாற்றாத லொறியை எடுக்கமாட்டேன் என்று நிற்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முதலாளிமாரே, சொன்னவனின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள், 'நீ மிதிச்சு உடைச்சனி' என்று பழியைத் திருப்பாதீர்கள். அவன் சொன்னது உங்கள் சொத்தைக் காக்க.

ஒவ்வொரு வருடமும் வைகாசியில் அம்மனுக்குப் பொங்கல். முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிந்து, மடைப்பண்டம் வற்றாப்பளைக்கு வரும். வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று எல்லாத் திசையிலும் இருந்து சனம் வரும். இந்த வீதி முழுவதும் கால்நடையாக வருகிறவர்கள், கைக்குழந்தைகள், தூக்குக்காவடிகள். அதே வீதியால்தான் பந்தல் சாமானும் தண்ணீரும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு எங்கள் லொறிகளும் வரும். கிழிந்த குழாயோடு ஒரு லொறிகூட அன்று அந்த வீதிக்கு வரக்கூடாது.

இன்று பின்னேரம் எஞ்சின் ஆறியதும் கெபினைத் தூக்குங்கள். ரோர்ச் லைற்றைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு, கிளிப்பை நீங்கள் கழற்றுங்கள்.