கையெழுத்துக்கு வந்த பாயிரம்

மேரிலாந்திலிருந்து என் பழைய மாணவன் அனுப்பிய கடிதத்தைச் சித்தேரி மலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாம் முறையாகப் படித்தேன். மூன்றரைப் பக்கம். அவன் யார், என்ன சாதித்தான், அவன் துறையில் அவனுக்கு நிகராக எத்தனை பேர் இருக்கிறார்கள் (கடிதத்தின்படி, அநேகமாக யாருமில்லை) என்றெல்லாம் நான் சொல்வதாக அவனே எழுதியிருந்தான். அடியில் என் பெயரும் கையெழுத்துக்கு இடமும். "மாத்தணும்னா மாத்திக்கங்க சார். வக்கீல் இப்படித்தான் கேக்குறாரு" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு.

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு 'அசாதாரணத் திறமை' என்றொரு வாசல் உண்டு; அதற்குத்தான் இந்தக் கடிதம். 1990ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவைத்தது. இதில் முதலாளியின் தயவு வேண்டாம். ஆளே தனக்காக மனுப் போடலாம். நோபல் போல ஒரு பெரும்பரிசு இருக்க வேண்டும். இல்லையென்றால் பரிசுகள், முக்கியமான சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், பிறர் ஆய்வை மதிப்பிட்டது, பெரிய சம்பளம் என்று நீளும் பத்து அடையாளங்களில் குறைந்தது மூன்று தேற வேண்டும். தேறினாலும் விடமாட்டார்கள். துறையின் உச்சியில் இருக்கும் வெகுசிலரில் இவரும் ஒருவர்தானா என்று அதிகாரி மொத்தமாக எடைபோடுவார். கஸாரியன் என்ற இயற்பியலாளரின் வழக்கில் 2010இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு இந்த இரண்டாம் எடை வழக்கமாகிவிட்டது.

ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பினால் மற்ற வரிசைகளில் நம்மவர்கள் பத்து வருடத்துக்கும் மேலாகக் காத்துக் கிடக்கிறார்கள். இந்த வரிசை கொஞ்சம் குட்டை. வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டியிருக்கும் என்ற பயமில்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. சாதாரணமாக வாழ்வதற்கு, தான் சாதாரணமானவன் இல்லை என்று காட்ட வேண்டியிருக்கிறது.

நன்னூல் நினைவுக்கு வந்தது. தாவரவியல் வாத்தியாருக்கு இலக்கணம் எதற்கு என்பீர்கள். என் அப்பா தமிழாசிரியர். நூலாசிரியன் தன் நூலுக்குத் தானே பாயிரம், அதாவது முன்னுரை, எழுதக்கூடாது என்கிறார் பவணந்தி முனிவர். அவனுடைய ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர், இவர்கள்தான் எழுத வேண்டும். தற்புகழ்ச்சி தகாது. ஆனால் நான்கு இடங்களில் விலக்கு உண்டு: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவே, அவையில் வாது வெல்ல வேண்டியபோது, எதிராளி பழித்தபோது. என் மாணவனின் மனு முதல் இரண்டுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. அவன் தன்னைப் புகழ்ந்துகொள்ள இலக்கணமே அனுமதி கொடுத்துவிட்டது. தன்னை என் வாயால் புகழ்ந்துகொண்டதுதான் எனக்கு உறுத்தியது.

நாலாவது விலக்கைப் பயன்படுத்தாமலே போன நம்மவர் ஒருவர் உண்டு. 1935 ஜனவரியில் லண்டனில், ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், இயற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் விண்மீன் கணக்கை வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடினார். பதில் சொல்ல சந்திரசேகருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. 1937இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார், 1939இல் அந்தக் கணக்கையெல்லாம் ஒரு புத்தகமாகப் போட்டார், பிறகு வேறு ஆராய்ச்சிக்குத் திரும்பிவிட்டார். குடியுரிமை 1953இல். நோபல் வர 1983 ஆகிவிட்டது.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: சித்தேரி மலையில் சிறுகுறிஞ்சானின் தன்மையை அவன் 'நேரடியாகக் கண்டறிந்தான்'. அன்றைக்கு நானும் கூட இருந்தேன். ஒரு பெரியவர் வேலியோரக் கொடியிலிருந்து நாலு இலை பறித்து மெல்லச் சொன்னார். கசந்தது. பிறகு மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்துக் கொடுத்தார். நாக்கில் மண்ணை வைத்த மாதிரி இருந்தது, துளி இனிப்பு இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த இலையிலிருந்து ஜிம்னிமிக் அமிலத்தைப் பிரித்தவர் என்று உதகமண்டலத்தில் 1880களில் வேலை பார்த்த டேவிட் ஹூப்பரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. என் மாணவனின் ஆய்வேட்டில் இந்தப் பெரியவர் 'தகவலாளி 7'. அதைத் திருத்தி ஒப்பமிட்டவன் நான்தான்.

அதே பெரியவர்தான் இப்போது எதிரே உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மலையேறி வந்தார்கள் என்பது அவருடைய இனமான மலையாளிப் பழங்குடியினர் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை. அன்றைக்கு அவர்களிடம் யாரும் அத்தாட்சி கேட்டிருக்க மாட்டார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கேட்கிறது: 2005 டிசம்பர் 13க்கு முன்பே அந்த நிலம் அனுபவத்தில் இருந்ததா? அதற்கு ஏற்கும் சான்றுகளில், மனுதாரர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலமும் ஒன்று. பவணந்தி கேட்டால் சந்தோஷப்படுவார். பெரியவர் அப்படிப் பலருக்குச் சொல்லியிருக்கிறார்.

"என்னன்னு சொல்லுவீங்க?" என்றேன்.

"இவனோட அப்பன் இந்தக் கொல்லையில சாமை விதைச்சான், நான் களையெடுக்கப் போனேன், அப்படின்னு சொல்லுவேன். ஒருத்தனுக்கு மட்டும் மாட்டேன்னுட்டேங்க சார். நல்ல பையன்தான். ஆனா அவங்க கொல்லைப் பக்கம் நான் போனதில்லையே."

மாணவனின் கடிதத்தை மடித்துவிட்டு வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தேன். ஒரே ஒரு இலை திரும்பி ஒட்டியிருந்தது என்பதற்காக, அவன் ஒரு உலர்செடி மாதிரித்தாளைப் பிரித்து ராத்திரி பூராவும் உட்கார்ந்து மறுபடி ஒட்டியது. தான் தப்பாக எழுதிய செடிப் பெயரை ஆறு மாதம் கழித்து, யாரும் கவனிக்காதபோது, தானே வந்து சொன்னது. முக்கால் பக்கம்தான் வந்தது. வக்கீலுக்குப் போதாமல் இருக்கலாம். அசாதாரணம் என்ற சொல்லை ஒரு தடவை போட்டேன், அதுவும் அந்தச் செடிப் பெயர் விஷயத்துக்கு.

வெல்லத்தைப் பற்றி எழுதும்போது பேனா நின்றது. "ஐயா, உங்க பேரை இதுல எழுதணும். சரியாச் சொல்லுங்க."

"எந்தப் பேரு சார்? ரேஷன் கார்டுல இருக்கறதா, ஊர்ல கூப்பிடறதா?"

இரண்டையும் எழுதிக்கொண்டேன்.